உங்கள் ஜன்னலிலிருந்து தொடங்குங்கள்: கைபேசியில் படமெடுக்கப் பழகுகிறவர்களுக்கு

படமெடுக்கப் பழக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போய் எடுப்பது?" என்றுதான். ஊட்டி, மாமல்லபுரம், தனுஷ்கோடி என்று ஒரு பட்டியலும் தயாராக இருக்கும். தாராளமாகப் போகலாம். ஆனால் கண் பழகுவதற்கு அவை ஏற்ற இடங்கள் இல்லை என்பது என் எண்ணம். புது ஊரில் எல்லாமே புதுசு. கடலைக் கண்டால் கடல், கோபுரத்தைக் கண்டால் கோபுரம் என்று விரல் தானாக அழுத்திக்கொண்டே போகும். தினமும் நீங்கள் நடமாடும் சமையலறையிலும் மாடிப்படியிலும் அப்படிப் புதுசாக ஒன்றும் கிடையாது. அங்கே நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது வெளிச்சம் ஒன்றுதான். ஆகவே அங்கே நின்றால் வேறு வழியில்லாமல் வெளிச்சத்தைப் பார்க்கத் தொடங்குவீர்கள். புகைப்படக் கலைக்கு அரிச்சுவடி அதுவே.

பிராக் நகரில் யோசெஃப் சுதெக் என்று ஒரு புகைப்படக் கலைஞர் இருந்தார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். நாஜிப் படைகள் நகரைப் பிடித்து வைத்திருந்த 1940-இல் தன் ஸ்டூடியோவின் ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கி, போர் முடிந்த பிறகும் 1954 வரை அதைத் தொடர்ந்தார். கண்ணாடியில் படிந்த ஈரம், வழியும் துளிகள், பனி, வெளியே தோட்டத்தில் ஒரு வளைந்த மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் குவளை. பொருட்கள் அவ்வளவுதான். அந்த ஒரே ஜன்னலிலிருந்து வந்த படங்களை இன்று உலகம் முழுவதும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் சால் லைட்டர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே வட்டாரத்தில் குடியிருந்து, நடந்து போகும் தூரத்துக்குள் இருந்த தெருக்களையே எடுத்தார். நீராவி படிந்த கடைக் கண்ணாடி, ஒரு சிவப்புக் குடை, பனியில் ஒரு கால்தடம். அவருடைய வண்ணப் படங்களைப் பரவலாக உலகம் கண்டுகொண்டது 2006-இல், அவர் எண்பதைத் தாண்டிய பிறகு.

இவர்களை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வசதியான இடமும் விலையுயர்ந்த கேமராவும் வாய்த்த பிறகு தொடங்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சட்டைப் பையில் இருக்கும் ஃபோன் போதும்.

முதலில் ஃபோனைச் சரிசெய்யுங்கள்

இதற்கு பத்து நிமிடம் ஆகும். ஒரு தடவை செய்துவிட்டால் போதும், லென்ஸைத் துடைப்பது தவிர.

லென்ஸில் விரல் எண்ணெயும் வியர்வையும் எப்போதும் படிந்திருக்கும். விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம் போலத் தெரிந்தால், படம் மொத்தமும் வெளிறித் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் இந்த அழுக்கு. துவைத்துப் பழசான பருத்தி வேட்டித் துணி ஒரு துண்டு பையில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன் துடையுங்கள்.

கேமரா செட்டிங்ஸில் கிரிட் என்ற கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அடிவானமும் கதவு நிலையும் சாயாமல் இருக்க அது உதவும். ஃப்ளாஷை அணைத்து விடுங்கள். நேருக்கு நேர் அடிக்கும் அந்த வெளிச்சம் நிழலைக் கொன்றுவிடும். நிழல் போனால் உருண்டையான பொருளும் தட்டையாகிவிடும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதையும் விட்டுவிடுங்கள். அருகில் வேண்டுமென்றால் கால் நடக்கட்டும்.

அடுத்து பியூட்டி ஃபில்டர். இதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பல ஃபோன்களில் இது வாங்கும்போதே போடப்பட்டிருக்கிறது. முகத்தை வெளுக்கும், தோலை மழுமழுவென்று ஆக்கும், பாட்டியின் கன்னத்துச் சுருக்கத்தை அழித்துவிடும். நம் மாநிறமும் கறுப்பும் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் விதம் தனி அழகு. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு மினுமினுப்பு வரும் பாருங்கள், அதைத் துடைத்து எறியும் எந்த வசதியையும் முழுதாக நிறுத்திவிட்டுத்தான் நம் வீட்டு மனிதர்களை எடுக்க வேண்டும்.

இனி இரண்டு சைகைகளைக் கைக்குப் பழக்குங்கள். திரையில் எந்த இடம் தெளிவாக வேண்டுமோ அங்கே தொட்டால் ஃபோகஸ் அங்கே போய் நிற்கும். கூடவே ஒரு சூரியச் சின்னமோ கோடோ வரும். அதை மேலே தள்ளினால் படம் வெளுக்கும், கீழே இழுத்தால் இருளும். தொட்ட விரலை எடுக்காமல் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் அது பூட்டிக்கொள்ளும். பிறகு ஃபோனை நகர்த்தினாலும் வெளிச்ச அளவு மாறாது. ஃபோனில் கற்க வேண்டிய நுட்பத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டுதான்.

ஏன் கீழே இழுக்க வேண்டும், ஏன் மேலே தள்ள வேண்டும்? கேமரா எதைப் பார்த்தாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இன்றைய ஃபோன்கள் காட்சியை ஓரளவு கணித்துச் சரிசெய்கின்றன என்றாலும் அந்தக் குணம் முழுக்கப் போகவில்லை. வெள்ளை வேட்டி திரையை நிறைத்தால் அது அழுக்கு வேட்டியாக வரும். சற்று மேலே தள்ளுங்கள். கறுத்த கல் தூணோ எருமையோ நிறைத்தால் வெளிறிப்போகும், கீழே இழுங்கள். அகல் விளக்கை எடுக்கும்போது நன்றாகவே கீழே இழுக்க வேண்டும், அப்போதுதான் சுடர் வெறும் வெள்ளைப் புள்ளியாகாமல் சுடராக வரும்; சுற்றிலும் இருட்டு இருட்டாகவே இருக்கும். விளக்குக்கு அழகே அந்த இருட்டு.

ஒரு இடம், ஆறு பொழுதுகள்

பள்ளியில் படித்தது நினைவிருக்கும். அகத்திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். தலைவி வருவதற்கு முன், யானையும் நாரையும் வருவதற்கு முன், எந்த இடம், எந்த வேளை என்பது முடிவாகிவிட வேண்டும். படமெடுக்கிறவருக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் கிடையாது.

வீட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சமையல் மேடை, மொட்டை மாடி மூலை, வாசல்படி, மாடிப்படித் திருப்பம், எதுவானாலும் சரி. அங்கே ஓர் ஆளோ பொருளோ இருந்தால் நல்லது. ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடம் போதும். அதே இடத்தில் நின்று ஆறு சிறுபொழுதுகளிலும் படமெடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் பரவலாகச் செய்யலாம்.

காலை, 6 முதல் 10 வரை. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் சூரியன் உதித்ததும் ஒரு மணி நேரம் பொன்னொளி இருக்கும் என்று சொல்லும். அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே சூரியன் சரிவாக, மெதுவாக ஏறும். நம் பக்கம் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறிவிடும். அந்தத் தாழ்ந்த பொன்னிற வெயில் நமக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்துபோகும். சென்னையில் ஜூன் மாதம் 5.45 அளவில் உதிக்கும் சூரியன், ஜனவரியில் 6.30 தாண்டித்தான் வரும். கோவையில் மாதத்தைப் பொறுத்து இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி. உங்கள் ஊர்க் கணக்கை நாட்காட்டியில் பார்த்துவிட்டு, உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பே இடத்தில் இருங்கள்.

நண்பகல், 10 முதல் 2 வரை. இந்த நேரத்தில் எடுக்கவே கூடாது என்பார்கள். வெட்ட வெளியில் முகங்களை எடுக்கக் கூடாது என்பது சரி. கண்குழியில் கறுப்பு விழும். ஆனால் வீட்டுக்குள் வாருங்கள். உச்சி வெயில் வாசல் சிமெண்ட் தரையில் பட்டு எழும்பி, கூடத்துக்குள் கீழிருந்து மேலாக ஒரு மென்மையான வெளிச்சத்தை அனுப்பும். ஓட்டு வீடாக இருந்தால் நடுவில் ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். அதன் வழியே இறங்கும் வெயில் கட்டம் தரையில் நகர்ந்து நகர்ந்து ஒரு நாளை அளக்கும். அங்கே சாம்பிராணி போட்டால் வெளிச்சத் தூண் அப்படியே கண்ணுக்குத் தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பார்க்க நமக்குக் கண் கிடையாது. புகைத் துகளில் பட்டுச் சிதறும்போதுதான் தெரிகிறது. தெருவில் வேப்பமரத்து நிழலைக் குனிந்து பாருங்கள். இலைகளுக்கிடையே விழும் வெளிச்சப் பொட்டுகள் வட்டவட்டமாக இருப்பது இடைவெளிகள் வட்டமாக இருப்பதால் அல்ல. ஒவ்வோர் இடைவெளியும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்து சூரியனின் உருவத்தைத் தரையில் விழவைக்கிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது இதே மரத்தடிகளில் வளையல் வளையலாக வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. கேமரா என்ற கருவி பிறப்பதற்கு முன்பே மரங்கள் படம் காட்டிக்கொண்டிருந்தன என்ற எண்ணம் எனக்கு எப்போதும் சிலிர்ப்பைத் தரும்.

எற்பாடு, 2 முதல் 6 வரை. வெயில் மேற்கிலிருந்து அறைக்குள் நீளமாக நுழையும். கொடியில் காயும் புடவை, ஜன்னல் கம்பி நிழல், சுவரில் விரிசல், சுண்ணாம்பு உதிர்ந்த இடம், எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் கிடைக்கும். சுவரின் சொரசொரப்பை எடுக்க இதுவே வேளை.

மாலையில் சூரியன் மறைந்த பின் கிடைக்கும் சுமார் இருபது நிமிடங்களைத் தவறவிடாதீர்கள். வானம் நீலமாக இருக்கும்போதே கடை விளக்குகள் மஞ்சளாக எரியத் தொடங்கியிருக்கும். இரண்டும் சம பலத்தில் நிற்கும் நேரம் அது. பெட்டிக்கடை, இட்லிக் கடை, பேருந்து நிறுத்தம் எதுவும் அப்போது படமாகும். முழு இருட்டு விழுந்தபின் அதே கடையை எடுத்தால் கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும்.

யாமத்தில் நைட் மோட் வேண்டியிருக்கும். அது இரண்டு மூன்று விநாடி வெளிச்சத்தைச் சேர்த்து எடுப்பதால் கை ஆடக் கூடாது. காம்பவுண்டுச் சுவரில் ஃபோனைச் சாய்த்து வைத்து, டைமர் போட்டு எடுங்கள். எல்இடி விளக்கின் கீழே சில சமயம் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தத் துடிப்பு பதிவாகிவிடுகிறது. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோடில் ஷட்டரை, அதாவது வெளிச்சம் பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

வைகறைக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பூ மார்க்கெட்டுக்கோ, பால் பூத்துக்கோ, டீக்கடைக்கோ நாலரை மணிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். போனவர்கள் திரும்பவும் போவார்கள்.

ஆறு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் இடத்துக்கு எந்தப் பொழுது பொருந்துகிறது என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு பெரும்பொழுது, அதாவது பருவம், இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளையொட்டி நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. இந்த இரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் மார்கழியில் வெயில் பாயும் தெற்கு ஜன்னல் ஆனியில் நிழலில் கிடக்கும். வடக்குச் சுவர் அப்போது வெயில் காணும். ஒரே ஜன்னலில் ஒரு வருடம் படமெடுத்தாலும் சலிக்காது என்பதற்கு இதுவே காரணம்.

கழித்துக்கொண்டே போங்கள்

தொடக்கத்தில் எல்லோருடைய படத்திலும் இருக்கும் குறை ஒன்றுதான்: அதிகம் இருக்கிறது. பாட்டி பூக்கட்டுகிறாள், பின்னால் டிவி, சார்ஜர் வயர், காலண்டர், பிளாஸ்டிக் வாளி. நம் கண் பாட்டியை மட்டும் பார்த்தது. கேமரா எல்லாவற்றையும் பார்த்தது.

அழுத்துவதற்கு முன் திரையின் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வேண்டாதது இருந்தால் பொருளை நகர்த்தாதீர்கள், நீங்கள் நகருங்கள். ஓரடி இடப்பக்கம் போனால் வாளி தூணுக்குப் பின்னால் மறையும். உட்கார்ந்தால் காலண்டர் போய்விடும். இன்னும் இரண்டடி கிட்டே போனால் பாட்டியின் விரல்களும் நாரும் மல்லிகையும் மட்டும் மிஞ்சும். அதுதான் முதலில் உங்களை நிற்க வைத்த விஷயம் என்பது அப்போது புரியும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயை எடுத்த படம் புகைப்பட வரலாற்றில் மிகப் பிரபலம். அவர் பல பின்னணிகளை வைத்துப் பார்த்துத் திருப்தியில்லாமல், கடைசியில் அதை ஒரு தகரப் புனலுக்குள் வைத்தார். புனலின் வளைந்த உட்சுவர் வெளிச்சத்தை எல்லாப் பக்கமிருந்தும் மிளகாயின் மேல் திருப்பியது. கறுப்பு வெள்ளையில் அது மனித முதுகைப் போல, தசை முறுக்கியதைப் போலத் தெரிந்தது. உங்கள் வீட்டில் புனல் இல்லாவிட்டாலும் எவர்சில்வர் குண்டான் இருக்கும். அதை ஜன்னலோரம் சாய்த்து வைத்து உள்ளே ஒரு கத்தரிக்காயையோ பாகற்காயையோ வையுங்கள். ஃபோனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். குண்டானை மெல்லச் சுழற்றச் சுழற்ற, காயின் மேல் ஒளிக்கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பாகற்காயின் மேடுபள்ளம் ஒரு மலைத்தொடராகும் தருணம் ஒன்று வரும். அன்றைக்குச் சமைக்கப்போகிற காய்தான்; ஆனால் அதை அப்படி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சமையலறையில் இன்னொன்று: ஆவி. காபியின் ஆவி படத்தில் வரவில்லை என்று பலர் வருந்துவார்கள். ஆவி தெரிய இரண்டு நிபந்தனைகள். வெளிச்சம் டம்ளருக்குப் பின்பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே டபராவை வையுங்கள். ஜன்னல் படத்துக்குள் வராமல், அதற்கு அருகிலிருக்கும் இருண்ட சுவரோ மூடிய கதவோ பின்னணியாக வரும்படி சற்றுத் தள்ளி நில்லுங்கள். தாளிக்கும் புகைக்கும், குளிர்காலத்து இட்லிச் சட்டி ஆவிக்கும் இதே முறைதான்.

நேர் வெயில் ஜன்னலில் கண்ணைக் கூசினால், நைந்த ஒற்றை வேட்டி ஒன்றை ஜன்னலில் தொங்கவிடுங்கள். அறை முழுக்கப் பால் போன்ற வெளிச்சம் பரவும். முகத்தின் மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் வெள்ளைச் சார்ட் அட்டையோ தெர்மாகோல் பலகையோ அந்தப் பக்கம் பிடியுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் பெரிய செலவில் செய்வது இதைத்தான்.

கோலத்துக்கும் மழைக்கும் கொஞ்சம் கூடுதலாக

கோலத்தை எல்லோரும் நின்று மேலிருந்து எடுக்கிறார்கள். வடிவம் தெரிய அது சரி. ஆனால் மாவுக்கோடு ஒரு சிறிய வரப்பு. அதற்கு உயரம் உண்டு. அந்த உயரம் தெரிய வேண்டுமானால் தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் வர வேண்டும், ஃபோன் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்க வேண்டும். சூரியன் இருக்கும் திசையைப் பார்த்தவாறு உட்கார்ந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் மெல்லிய நிழல் விழுத்தும். கழுவிய தரை ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் சிமெண்டும் கறுத்துத் தெரியும், வெள்ளை துள்ளும். மார்கழியில் கோலம் போட்டு முடிக்கும்போது இருட்டாகவே இருக்கும். எதிர்வீட்டு மாடியைத் தாண்டி வெயில் தரைக்கு இறங்க ஏழு, ஏழரை ஆகலாம். அதற்குள் ஒரு சைக்கிள் கோலத்தின் மேல் ஓடியிருக்கும். அந்தத் தடம் பதிந்த கோலத்தையே எடுங்கள். நான் முழுக் கோலத்தைவிட அதைத்தான் அதிகம் விரும்புகிறேன், அதில் தெருவின் காலைப்பொழுது இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழை நம்மைப் போன்றவர்களுக்குத் திருவிழா. மழை பெய்யும்போது வாசலில் நின்று எடுங்கள்; ஆவியைப் போலவே துளிகளும் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில், இருண்ட பின்னணியில்தான் தெரியும். தெருவிளக்குக்குக் கீழே பாருங்கள். மழை விட்டதும் தேங்கிய தண்ணீருக்குப் போங்கள். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீருக்கு மிக அருகில் வரும். கையகலத் தண்ணீரில் எதிரே இருக்கும் கோபுரம் முழுசாக விழுந்திருக்கும். தரையிலிருந்து பார்க்கும் உயரத்தை விரலளவு மாற்றினாலும் பிம்பம் மாறும் என்பதால் பொறுமையாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

மனிதர்களை எடுக்கும்போது

முகத்தை எடுக்கத் தமிழ்நாட்டில் மிகச் சிறந்த இடம் திண்ணை. மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் படாது. தெருவிலிருந்து வெளிச்சம் ஒரே பக்கமாக, பரவலாக வரும். பின்னால் ரேழியின் இருட்டு. வெயில் கொளுத்தும் பன்னிரண்டு மணிக்கும் அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகம் ஓவியம் மாதிரி இருக்கும். திண்ணை இல்லாத ஊரில் கடை வாசல் தாழ்வாரம், பேருந்து நிழற்குடை, அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் முதல் வரிசை ஆகியவை அதே வேலையைச் செய்யும். முகம் வெளிச்சத்தைப் பார்த்திருக்கட்டும், முதுகு இருட்டைப் பார்த்திருக்கட்டும். போர்ட்ரெய்ட் மோட் போட்டால் காதோரமும் முடியும் கரைந்துபோகும். இயல்பாகவே இருண்ட பின்னணி இருக்கும்போது அது தேவையே இல்லை.

கேட்டு எடுங்கள். பூக்கார அக்காவிடம் போய் முதலில் பூ வாங்குங்கள். "அக்கா, உங்க கை பூ கட்டுறது ரொம்ப அழகா இருக்கு, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே, "என்னை எதுக்குப்பா, பூவை எடு" என்பார்கள். கேட்டதும் விறைப்பாக நிற்பார்கள்தான். ஒன்றிரண்டு படம் அப்படியே எடுத்துக்கொண்டு, திரையில் அவர்களுக்குக் காட்டுங்கள், பேச்சுக் கொடுங்கள். அவர்கள் மறுபடி வேலையில் மூழ்கும்போதுதான் உங்கள் படம் வரும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தக் கூடாது. குழந்தைகளை எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். குளிப்பவர்கள், அழுகிறவர்கள், தெருவில் படுத்திருப்பவர்கள் பக்கம் ஃபோனைத் திருப்பவே வேண்டாம். அவர்களுடைய கஷ்டம் நம் பயிற்சிக்கான பொருள் இல்லை. கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. வாசலில் உள்ள அறிவிப்பைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். கோபுரமும் சன்னிதித் தெருவும் தெப்பக்குளப் படியும் வெளியே இருக்கவே இருக்கின்றன.

எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை அந்தத் தெருவில் நீங்கள் வெளியாள் இல்லை.

ஒன்றுமே தோன்றாத நாட்களில்

வரும். எல்லோருக்கும் வரும். அப்போது தேடலை அகலமாக்காமல் இன்னும் குறுக்குங்கள். இந்த வாரம் நிழல் மட்டும். பொருளே படத்தில் வரக் கூடாது, அதன் நிழல்தான் வர வேண்டும். அடுத்த வாரம் ஒரே ஒரு நிறம். நீலம் என்று வைத்துக்கொண்டால் லுங்கி, வாசல் கதவு, தண்ணீர் டிரம், பள்ளிச் சீருடை என்று ஊரே நீலமாகத் தெரியத் தொடங்கும். பிறகு கைகள் மட்டும்: மாவு பிசையும் கை, பஞ்சர் ஒட்டும் கை, டிக்கெட் கிழிக்கும் கை. எல்லை சின்னதாக இருந்தால் கண் கூர்மையாகும். "எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்ற சுதந்திரத்தைவிட மனதைச் சோர்வடைய வைப்பது வேறில்லை.

ஃபோனை வீட்டில் வைத்துவிட்டும் ஒரு நடை போய் வாருங்கள். பார்த்ததில் ஒன்றை மட்டும் திரும்பி வந்து இரண்டு வரி எழுதுங்கள். எந்தப் பக்கமிருந்து வெயில் வந்தது என்பதும் அதில் இருக்கட்டும்.

தேர்வு, திருத்தம், அச்சு

எடுத்த அன்றே அழிக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம். எடுத்த நேரத்து உற்சாகம் படத்தில் இல்லாததையும் இருப்பதாகக் காட்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஒரே காட்சியில் பதினைந்து எடுத்திருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டு என்று மனம் இழுத்தால் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள்.

திருத்த கூகுளின் ஸ்னாப்சீட் போதும், இலவசம். வரிசையாக நான்கு வேலை: சாய்வைச் சரிசெய்தல், ஓரத்தை வெட்டுதல், மொத்த வெளிச்சம், பிறகு நிழலின் ஆழம். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் கோட்டை நகர்த்தாமல் இருந்தால் மிக நல்லது. வயல் அவ்வளவு பச்சை கிடையாது, வானம் அவ்வளவு நீலம் கிடையாது. பார்த்த அன்று உங்களுக்கு அது போதுமானதாக இருந்ததால்தான் நின்றீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறையும். யாருக்காவது அச்சிட அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். மாதத்துக்கு ஐந்தாறு படங்களை அருகிலுள்ள ஸ்டூடியோவிலோ லேபிலோ 4x6 அளவில் போடுங்கள். படத்துக்குச் சில ரூபாய்தான் ஆகும். கிளாஸியைவிட மேட் தாளைக் கேளுங்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்காமல் பார்க்கலாம். அவற்றைத் தரையில் பரப்பிப் பார்க்கும்போது திரையில் தெரியாத ஒன்று தெரியும்: நீங்கள் தெரியாமலேயே திரும்பத் திரும்பப் போய் நிற்பது எங்கே என்று. சிலருக்கு அது கதவாக இருக்கும், சிலருக்கு யாரோ ஒருவரின் முதுகாக இருக்கும். அடுத்த மாதம் எதை எடுப்பது என்ற கேள்விக்கு விடை அங்கே கிடக்கிறது.

ஒவ்வொன்றின் பின்பக்கமும் இடம், தேதி, பொழுது மூன்றையும் எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும், மையும் சரியாகக் காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். மெல்லிய முனை கொண்ட பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி, நன்றாக உலர்ந்த பிறகு அடுக்குங்கள்.